ஐயான்னுதான் கூப்பிடணும்

வாங்க சார், வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பாப்பா, நீ பாயில உக்காரும்மா. பாடம் கத்துக்க வந்த புள்ளை வாத்தியாருக்குச் சமமா உக்காரக் கூடாது. ம், காலை மடக்கிக்க. என்ன தேடுறே, செருப்பையா? அது உள்ள பீரோவுக்குப் போயிருச்சு. இந்த வீட்டுல அது ஒரு வழக்கம், அப்புறம் சொல்றேன்.

போன வாரம் நீங்க பாத்திரக்கடையைப் பூட்டிட்டுக் கரூர்லேருந்து மெனக்கெட்டு வந்தப்போ சரியாப் பேச முடியல. நான் ஒரு கச்சேரிக்குத் தலைமை தாங்கக் கிளம்பிக்கிட்டிருந்தேன். அன்னிக்கு உங்களுக்குக் காபி குடுத்து, பாப்பாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கிட்டுப் போயி மாதுளை பறிச்சுக் குடுத்தாளே, அவதான் மங்கையர்க்கரசி. என் மக. ஒரே மக. பேசலைன்னு தப்பா எடுத்துக்காதீங்க. யாருகிட்டயும் பேச மாட்டா. முந்தானையை வாயில வச்சுக்கிட்டே வேலை பாத்துக்கிட்டிருப்பா. மங்கை! காபி கொண்டா!

எங்க, பல்லைக் காட்டு பாப்பா. வெக்கப்படாதே. ஈன்னு காட்டு. பாத்தீங்களா சார், முன்பல் ரெண்டும் ஒரே மட்டம். கீழ்வரிசை நல்ல கூர். உதடு மெலிசு. என்னடா இவன், சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி பாக்கிறானேன்னு நினைக்காதீங்க. சாக்ஸபோனுக்கு முதல் பொருத்தம் பல்லுதான். ஞானமெல்லாம் அப்புறம்.

மேல்பல்லு, வாய் வைக்கிற மவுத்பீஸ் மேல உக்காரும். கீழுதட்டைக் கீழ்ப்பல்லு மேல மடிச்சுக்கணும், அது மேல ரீடுங்கிற நாணல் பட்டை படும். வீணைன்னா தந்தியை இழுத்துக்கலாம். சாக்ஸபோன்ல சாவியைப் பொத்தினா ஸ்வரம் கட்டை மாதிரி நிக்கும் சார், வெள்ளைக்காரன் அப்படித்தான் பண்ணி வச்சிருக்கான். அதை அசைச்சுக் கமகம் கொண்டாறது இந்தக் கீழுதடு. உதடு பல்லுல பதிஞ்சு, அறுந்து, ஆறி, மறுபடி அறுந்து, காய்ச்சுப் போகணும். அது வரைக்கும் தோடி ராகம் வராது. அதுக்கு முன்னாடி வாசிக்கிறதெல்லாம் கல்யாண வீட்டுச் சினிமாப் பாட்டு.

ஏன் சார் முகம் சுருங்குது? சலங்கை கட்டுற புள்ளைக்குக் கால் வலிக்காதா? அந்த மாதிரிதான் இதுவும். பயப்படாதீங்க.

எங்கப்பா நாகஸ்வரம். எனக்கு அவர் அப்பா இல்ல, ஐயா. வாத்தியம் கத்துக்குடுக்கிறவரை அப்பான்னு கூப்பிட்டா பாசம் வந்துரும், பாசம் வந்தா சுருதி போயிரும்பாரு. சீவாளி அவர் மடியில இருக்கும். சீவாளி தெரியும்ல, நாகஸ்வரத்துல வாய் வைக்கிற நாணல் துண்டு. அது இல்லாம நாகஸ்வரம் வெறும் மரம். அவர் மடியிலேருந்து எடுத்துக் குடுத்தாத்தான் நான் வாசிக்கலாம். முடிஞ்சதும் துடைச்சு வாங்கிக்குவாரு. தப்பா வாசிச்சா வாயிலேயே ஒண்ணு வைப்பாரு. நல்ல மனுஷன். அவர் உயிர் போறப்போ தலைமாட்டுல நின்னு ஐயா ஐயான்னுதான் கத்தினேன், அப்பான்னு வரவே இல்ல. அவ்வளவு மரியாதை!

சாக்ஸபோனுக்கு எப்படி வந்தேன்னு கேக்குறீங்களா? ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். நாங்க நாகஸ்வரம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பேண்டு செட்டு. அதுல ஒருத்தன் அந்த வளைஞ்ச பித்தளையில ஏதோ டப்பாங்குத்து ஊதுறான். எனக்கு அந்தக் குரல் மட்டும் தனியா வந்து நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. அடடா, இதுல தோடி வாசிச்சா எப்படி இருக்கும்! பழசா ஒண்ணு தேடி வாங்கி, பூட்டின ரூம்புல நானே விரல் பிடிச்சேன். ஐயா என்கூட வருஷக்கணக்காப் பேசலை. கோயில்ல வாசிக்கப் போனா, இது சாமி புறப்பாடா சர்க்கஸான்னு கேட்டாங்க. கேட்ட அதே வாய்தான் அப்புறம் எனக்குப் பட்டம் படிச்சு பொன்னாடை போர்த்துச்சு. ரேடியோ, சிங்கப்பூரு, மலேசியா, எல்லாம் பாத்தாச்சு. சாக்ஸபோன் பரஞ்சோதி கச்சேரின்னா அன்னிக்கு மாயவரத்துல சாயங்கால சினிமாவுக்குக் கூட்டம் இருக்காது சார். மிகையாச் சொல்லல, யாரை வேணா கேட்டுப் பாருங்க.

அப்புறம் பல்லு ஆடுச்சு. ஈறு கெட்டுப்போச்சு. மேல்வரிசையில முன்னாடி நாலும் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துருச்சு. பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்குச் சொல்லு போகலை, சோறு போச்சு, பேரு போச்சு. கட்டுப்பல்லு வச்சுக்கிட்டு சாக்ஸபோன் வாசிக்க முடியுமா? அழுத்தினா பல்லு தனியா, நான் தனியா. ஒரு சபாவுல மேடையில நடுவாந்திரமா கழண்டு வந்துருச்சு. ஒருத்தன் சிரிச்சான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு சார்.

அன்னிக்குத்தான் மங்கையைப் பாயில உக்கார வச்சேன். இந்தப் பாயிதான். அவளுக்கு இந்தப் பாப்பா வயசு. அவ அம்மா போயி அப்போ கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. முதல் பாடம் என்ன தெரியுமா? இனிமே அப்பா கிடையாது, ஐயான்னுதான் கூப்பிடணும். புள்ளை ரெண்டு நாள் மறந்து மறந்து கூப்பிடும். கூப்பிடுற அன்னிக்குப் பாடம் கிடையாது, சாப்பாடும் தள்ளித்தான். மூணாவது நாள் பழகிருச்சு.

காபி வந்தாச்சு, எடுத்துக்குங்க. பாத்தீங்களா, எப்படி பாப்பா வாயையே பாக்கிறா! சரி சரி, நீ உள்ள போ.

அப்பேர்ப்பட்ட வாய் சார் அது. நான் சொல்றேன், என் தகப்பனுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. ஒரே மூச்சுல மேல் ஷட்ஜத்தைப் பிடிச்சு நின்னான்னா தவில்காரரு கையை எடுத்துருவாரு. மேடையில அவ வாசிப்பா, நான் பக்கத்துல உக்காந்து தாளம் போடுவேன். ஜனங்க என்ன சொல்லும் தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டா பரஞ்சோதி வாசிக்கிற மாதிரியே இருக்குன்னு. அதான் வேணும்! அவ வாய், என் வாசிப்பு. என் பேரு மறுபடி நோட்டீஸ்ல வர ஆரம்பிச்சுது.

மவுத்பீஸ் மட்டும் எங்கிட்டதான் இருக்கும். ஐயா பண்ணின மாதிரியேதான். இதோ, இந்த வெத்தலைப் பெட்டி அவரோடது. இப்ப இதுல வெத்தலை இல்ல. எங்கிட்ட படிக்கிற அத்தனை பேரு மவுத்பீஸும் இதுலதான். வாத்தியத்தை வேணும்னா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகட்டும். வாய் எங்கிட்ட இருக்கும். எனக்குத் தெரியாம ஒருத்தன் ஒரு ஸரிகம ஊத முடியாது. கண்டபடி வாசிச்சுக் கெடுத்துக்கக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்.

செருப்பு விஷயமும் அப்படித்தான். பேங்குல வேலை பாக்குற ஆளு ஒருத்தன் படிச்சான், கல்யாணமானவன், மீசையெல்லாம் வச்சிருப்பான். உதடு கொஞ்சம் வீங்கினதும், தண்ணி குடிச்சுட்டு வர்றேன் ஐயான்னு போனவன் செருப்பை மாட்டிக்கிட்டுக் கம்பியை நீட்டிட்டான்! அதுலேருந்து பாடம் ஆரம்பிச்சா கேட்டுக்குத் தாழ்ப்பாள், செருப்பு பீரோவுக்குள்ள. செருப்பில்லாம மாயவரம் வெயில்ல எவன் ஓடுவான்? மங்கை செருப்பும் அங்கதான் கிடக்கு. அவ எங்க போகப் போறா? கும்பகோணத்துல அவ சித்தி, இங்க வந்துருடி வந்துருடின்னு ஆள் விட்டுக்கிட்டேதான் இருக்கா. போகலையே. ஐயாவை விட்டுட்டுப் போக மனசு வருமா?

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க. சொல்றேன். ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க, பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரன்கூட உங்ககிட்ட ஏதாவது ஓதியிருப்பான். நானே சொல்லிடறேன், அதான் மரியாதை.

பெரிய கோயில் ஒண்ணுல கும்பாபிஷேகக் கச்சேரி. அந்த மேடைக்கு நான் வருஷக்கணக்கா ஏங்கினவன். என் பல்லு நல்லா இருந்தப்போ கூப்பிடாதவங்க, இப்போ இவளுக்காகக் கூப்பிட்டாங்க. ராகம் தோடின்னு நான் சொல்லிட்டேன். ஒரு மாசமா சாதகம். காலையில உக்காந்தா இருட்டுற வரைக்கும். அவ உதடு உள்பக்கம் கொஞ்சம் புண்ணு. யாருக்கு வராது? உப்புத் தண்ணி கொப்புளிக்கச் சொன்னேன்.

கச்சேரி அன்னிக்கு மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஏதோ சந்தேகம் எனக்கு. எதையோ அதக்கினவ மாதிரி வாயை ஒரு தினுசா வச்சுக்கிட்டிருந்தா. திறடின்னேன். திறக்க மாட்டேங்கிறா. நானே கன்னத்தைப் பிடிச்சுத் திறந்து பாத்தா, கீழ்ப்பல்லு மேல காகிதத்தை மடிச்சு வச்சிருக்கா! மெழுகு தடவி, பட்டையா மடிச்சு, பல்லு உதட்டுல குத்தாம இருக்க மெத்தை போட்டிருக்கா. எவ்வளவு நாளா இந்தத் திருட்டுத்தனம்னு தெரியாது. ஐயா இருந்திருந்தா கொன்னே போட்டிருப்பாரு. தோடிக்கும் உதட்டுக்கும் நடுவுல காகிதமா? விரலை விட்டு எடுத்து எறிஞ்சேன். இப்ப போயி வாசின்னேன். இன்னிக்கு மட்டும் ஐயா, இன்னிக்கு மட்டும்னு கெஞ்சினா. இன்னிக்கு விட்டா என்னிக்கு வரும்?

வாசிச்சா சார். அடேயப்பா! அப்படி ஒரு தோடியை நான் ஜென்மத்துல கேட்டதில்ல. காந்தாரத்தை அசைச்சா பாருங்க, கூட்டத்துல ஒரு கிழவர் வாய்விட்டு அழுதாரு. மேல போகப் போக அவ முகவாயில சிவப்பா ஒரு கோடு இறங்குது. ஜனங்க வெத்தலைச் சாறுன்னு நினைச்சிருப்பாங்க. தவில் அமிர்தலிங்கம், நம்ம கூடவே இருந்தவரு, என் பக்கம் குனிஞ்சு, "அண்ணே, புள்ளைக்கு ரத்தம் வருதுண்ணே, நிறுத்திடலாம்"ங்கிறாரு. நீங்க உங்க வேலையைப் பாருங்கன்னேன். மஞ்சப் பட்டுப் பாவாடையில சொட்டுச் சொட்டா விழுது. அவ கண்ணு என்னையே பாக்குது. நான் தாளத்தைப் போட்டுக்கிட்டே மேல போ, மேல போன்னு தலையை ஆட்டினேன். திடீர்னு உள்ளுக்குள்ள ஏதோ விட்டுப்போன மாதிரி அவ முகம் ஒரு பக்கமா இழுத்துச்சு. வாத்தியத்துல வெறும் காத்து வந்துச்சு. நான் சட்டுனு கையெடுத்துக் கும்பிட்டு மங்களத்தைப் பாடி முடிச்சுட்டேன். கைதட்டல் அடங்க நேரமாச்சு. அமிர்தலிங்கம் அன்னிக்குத் தவிலை உறையில போட்டவரு என் வீட்டு வாசல் மிதிக்கலை. பொறாமை. வேற என்ன?

மறுநாள் காலையில தண்ணி குடிச்சா வாயோரமா ஒழுகுது. சோறு சிந்துது. டாக்டர்கிட்ட காட்டாம இல்ல. உதட்டுக்குள்ள சதை கிழிஞ்சிருச்சாம், இனிமே வாசிக்கவே கூடாதாம். அவன் சின்னப் பையன், தோடியைக் கண்டானா, கல்யாணியைக் கண்டானா? நான் நம்பலை. இவளுக்குத் திமிரு. காகிதத்தைப் பிடுங்கினேன்ல, அந்தக் கோபம். என்னை மேடையிலேருந்து இறக்கணும்னு மனசுல கறுவிக்கிட்டிருக்கா. வாயை வச்சு என்னைப் பழிவாங்குறா. அதுதான் சார் என் மனக்குறை. பெத்து, வளர்த்து, இருந்த வித்தையெல்லாம் ஊட்டிவிட்ட எனக்கு இதுதான் கைம்மாறா?

நானும் இறங்கித்தான் வந்தேன். ஒரு நாள் சாயங்காலம் விளக்கேத்திட்டு நின்னா. சரி போகட்டும், இனிமே ஐயா வேண்டாம், அப்பான்னே கூப்பிடும்மான்னேன். நானா அப்படிச் சொன்னேன்னு எனக்கே நம்ப முடியலை. என்னைப் பாத்தா. வாயைத் திறந்தா. உதடு ரெண்டும் ஒட்டினாத்தானே அந்த வார்த்தை வரும்? ஒட்டலை. காத்துதான் வந்துச்சு. மறுபடி சொல்லுடின்னேன். மறுபடியும் காத்து. ஒரு அப்பா சொல்ல வராதா சார் ஒரு வளர்ந்த பொண்ணுக்கு? வீம்பு. அன்னிக்கு முந்தானையை வாயில வச்சவதான், இன்னும் எடுக்கலை.

போகட்டும். நம்ம கதை எதுக்கு? இன்னிக்கு விஜயதசமி. உங்க பாப்பா வாயைப் பாத்ததுலேருந்து எனக்குப் புது ரத்தம் ஊறுன மாதிரி இருக்கு. பாப்பா இங்கயே தங்கட்டும், தீபாவளி வரைக்கும் நீங்க வந்து பாக்க வேண்டாம். போன் வேண்டாம், அழும். அப்புறம் பள்ளிக்கூடத்தை இங்கயே மாத்திக்கலாம். நீங்க தாம்பாளத்தைக் குடுத்துட்டு நமஸ்காரம் பண்ணச் சொல்லிட்டுக் கிளம்பினா மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம்.

இந்தாங்க, பெட்டியைத் திறக்கிறேன். புதுசு வேண்டாம், மங்கையோட மவுத்பீஸையே பாப்பாவுக்குத் தர்றேன். அதிர்ஷ்டம் பண்ணின புள்ளை! இத்தனை வருஷமா யாருக்கும் குடுக்கலை. இதோ, பல்லு பட்ட தடம்கூட இருக்கு பாருங்க. அட, இதென்ன அடியில? காகிதம். மெழுகுக் காகிதம். புத்தம் புதுசா மடிச்சிருக்கு. ஒண்ணு இல்ல, ஒரு கத்தை! இவ்வளவு சின்னதா இருக்கே, இது மங்கை பல்லுக்குப் பத்தாதே.

ஓகோ. போன வாரம் மாதுளை பறிச்சுக் குடுத்தப்போ அளவு பாத்திருக்கா!

நான் குளிக்கப் போயிருந்தப்போ என் பெட்டியில கை வச்சிருக்கா. ஐயாவோட பெட்டியில! ஏ மங்கை! இங்க வாடி! சார், பாருங்க, இதை இப்படிக் கசக்கி, இப்படிக் கிழிச்சு... பாப்பா, நீ ஏன் அழறே? உன்னை ஒண்ணும் சொல்லலை. வாயைத் திற. கையை எடு, திறம்மா. ஒரே ஒரு தடவை வச்சுப் பாரு. முதல் ஊது நல்ல நேரத்துல ஊதிரணும். சார், அவ கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.

இதோ வர்றா பாருங்க, கொல்லை வழியா சுத்திக்கிட்டு முன்பக்கம். கேட்டுத் தாழ்ப்பாளை எடுக்கிறா. பரவாயில்ல, மூளை இருக்கு. நான் சொல்லாமயே உங்களை வழியனுப்பக் கேட்டைத் திறந்து நிக்கிறா. ஆனா கையில என்ன அது, சின்னச் செருப்பு? ஏண்டி, பாப்பா செருப்பை எதுக்கு எடுத்தே? சார் செருப்பு வாசல்லதானே கிடக்கு! கீழ வைடி அதை. வைக்க மாட்டேங்கிறா சார். முந்தானையையும் எடுத்துட்டா. அந்த வாயைப் பாக்காதீங்க சார், இப்படித் திரும்புங்க. அது பாக்கிறதுக்கு நல்லா இருக்காது.

பாப்பா, எந்திரிக்காதே. அப்பா போலாம்ப்பாங்கிறியா? எல்லாப் புள்ளையும் முதல் நாள் அப்படித்தான் சொல்லும். நீங்க சும்மா இருங்க சார், ரெண்டு நாள்ல பழகிரும். சார்? என்ன சார், நீங்களும் எந்திரிச்சுட்டீங்க? காபிகூடக் குடிக்கலையே. தாம்பாளம் கிடக்கு. சார், இந்த மாதிரி ஒரு வாய் லட்சத்துல ஒண்ணு, தெரியுமா உங்களுக்கு? பாத்திரக்கடையில வச்சு வீணாக்கப் போறீங்களா? நல்ல நேரம் போகுது சார்!

போங்க. போங்கய்யா. உங்களுக்குக் குடுத்து வைக்கலை. யாருக்கு நட்டம்? நாளைக்கு இன்னொருத்தன் வருவான். மங்கை, செருப்பை மாட்டிவிட்டது போதும், கேட்டைச் சாத்து. ஏண்டி வெளியில நின்னுக்கிட்டுச் சாத்துறே? உள்ள வந்து சாத்து. தாழ்ப்பாள் இந்தப் பக்கம் இருக்கு.

உன் கால்ல என்ன? எப்ப மாட்டினே அதை?

மங்கை. வெயில்ல எங்க போறே? அந்தாளு கரூர் பஸ்ஸுக்குப் போறாரு, நீ எதுக்கு அவங்க பின்னால போறே? கும்பகோணத்துக்கா? சித்தி சோறு போடுவாளா உனக்கு? ஐயா கூப்பிடுறேன்ல. நில்லு. காது கேக்கலையா, ஐயா கூப்பிடுறேன்.

மங்கை. அப்பா கூப்பிடுறேன்டி.